சித்திக்கு வாசித்த லத்தீன் கழுதைக் கதை

போன மாதக் கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்னால், உங்களில் ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொன்னீர்கள். வெளிநாட்டில் இருக்கிற மகன், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், வேலை முடிந்து வந்து மாலையில் லத்தீன் படிக்கிறானாம். இலக்கணப் புத்தகத்தைத் தொடுவதே இல்லையாம். ஆரம்பக்காரர்களுக்கென்றே எழுதிய குட்டிக் கதைகளை வாசித்து வாசித்தே பாஷையைப் பிடித்துக்கொள்கிறானாம். புது முறை என்றீர்கள். செத்துப்போன பாஷைக்கு என்ன முறை வேண்டிக்கிடக்கிறது என்று இன்னொருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கேக் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அந்த முறை புதிதில்லை. பதுளைக்கு மேலே, பசறை ரோட்டிலிருந்து பிரிந்து ஏறுகிற ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில், நானும் என் அக்காவும் அப்படித்தான் லத்தீன் படித்தோம். ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான்.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் அவர் உபதேசியார். தோட்டத்தில் வேதக்கார, அதாவது கத்தோலிக்க, குடும்பங்கள் கொஞ்சம்தான். பதுளையிலிருந்து வெள்ளைச் சாமி, வெள்ளைக்காரப் பாதிரியார், மாதம் ஒரு தடவைதான் ஜீப்பில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கோயிலில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்பிப்பதும், நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் வாசிப்பதும் அப்பாவின் பொறுப்பு. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. மாரியம்மனைக் கும்பிடுகிற வீடுகளிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், "உபதேசியாரே, ஒருவாட்டி வந்து வாசிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அப்பா கால் கழுவிக்கொண்டு கிளம்புவார்.

அந்த வருஷம்தான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. நம்மில் பலருக்கு அது ஒரு நிம்மதி. அப்பாவுக்கு அது ஒரு சாவு. தமிழ் எழுத்தில் அச்சடித்த பழைய பூசைப் புத்தகத்தை வைத்து, பொருள் தெரியாமலே, லத்தீன் பதில்களை எல்லாம் அவர் மனப்பாடம் பண்ணியிருந்தார். இப்போது சாமி பீடத்தில் நின்றுகொண்டு தமிழில் பேசியது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"பக்கத்து லயத்துக்காரன் வந்து பேசுற மாதிரி இருக்கு. இது ஆண்டவருக்கு ஏறுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதாக்கும்" என்றாள் அம்மா, கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே. அவளுக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பதுளைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனார். முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், சீனியைச் சுற்றுவதற்காக ஒரு மெல்லிய புத்தகத்திலிருந்து பக்கத்தைக் கிழித்தார். ஆங்கில எழுத்துப் போலத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் கண்ணில் "பானெம்" என்ற சொல் பட்டுவிட்டது. பரலோக மந்திரத்தில் வருகிற சொல். பூசைப் புத்தகத்தில் தமிழ் எழுத்துக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்தும் இருக்கும், அதனால் அவருக்கு அடையாளம் தெரிந்தது. நானாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"இது சாமி வீட்டுலருந்து பழசுன்னு வந்த கட்டு, உபதேசியார். வேணும்னா எடுத்துக்கங்க. எனக்குச் சுத்துறதுக்கு வேற கடதாசி இருக்கு" என்றார் நானா.

அப்பா மூன்று புத்தகங்களைச் சட்டைக்குள் வைத்து மழையில் நனையாமல் கொண்டு வந்தார். சிவப்புத் துணியில் சுற்றி, சுரூபத்துக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார். லத்தீன் என்றால் கடவுளோடு பேசுவதற்காக உண்டான பாஷை என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பாஷையில் வேறு எதையாவது யாராவது எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாம் சிரிக்கலாம். லத்தீனைக் கோயிலுக்கு வெளியே ஒரு தடவைகூடக் கேட்டிராத மனிதருக்கு வேறெப்படித் தோன்றும்?

என்னையும் அக்காவையும் கூப்பிட்டு, "தினமும் ஒரு பக்கம் வாசிங்க. நாக்குல அந்தப் பேச்சு ஒட்டிக்கிடக்கட்டும்" என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உச்சரிப்புக்கு அப்பாவின் பூசைப் புத்தகம் இருந்தது. இரண்டையும் வைத்து எழுத்துக்கூட்டினோம்.

மூன்றும் கதைப் புத்தகங்கள். எங்கோ ஒரு நாட்டில், லத்தீன் தொடங்குகிற பையன்களுக்காக எழுதியவை. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு சொல் வந்தால் அது அடுத்த வரியிலும் வரும், அடுத்த பக்கத்திலும் வரும், சலித்துப்போகிற வரைக்கும் வரும். முதல் புத்தகத்தில் ஒரு கழுதை. "ஆசினுஸ் பானெம் வீதெத்." கழுதை ரொட்டியைப் பார்க்கிறது. "ஆசினுஸ் பானெம் எதித்." கழுதை ரொட்டியைத் தின்கிறது. ரொட்டிக்காரன் வந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "குவிஸ் ஓக் ஃபேச்சித்?" என்று கத்துகிறான். இதைச் செய்தது யார்? கழுதை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது புத்தகத்தில் ஒரு மாலுமி, அவனுக்கு நோயாளி மகள் ஒருத்தி, அவளைப் பார்க்க வருகிற வைத்தியர். மூன்றாவதில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தியும் ஓநாயும்.

பொருளை முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். நான் பாட்டுப் போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் படத்தில் விரலை வைத்து, "இந்தா பாரு, இந்த எடத்துலயும் ஆசினுஸ், அந்த எடத்துலயும் ஆசினுஸ். ரெண்டு எடத்துலயும் இருக்கிறது கழுதை மட்டுந்தான்" என்றாள். அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். பகலில் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கு ஒத்தாசை செய்வாள். புதுச் சொற்களை அந்தக் குழந்தைகளிடம்தான் சொல்லிப் பழகுவாள். அடம் பிடிக்கிற குழந்தை ஆசினுஸ். பால் குடித்துவிட்டுத் தூங்குவது ஓவிஸ், ஆடு.

தொந்தி பெருத்த கங்காணிக்கு நாங்கள் வைத்த பேர் பிஸ்தோர், ரொட்டிக்காரன். அவர் குடையை விரித்துக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கினால், "பிஸ்தோர் வெனித்!" ரொட்டிக்காரன் வருகிறான் என்று அக்கா மேலேயிருந்து குரல் கொடுப்பாள். நான் கீழே பீலிக்கரையில், மலைத் தண்ணீர் தகரத்தில் கொட்டுகிற இடத்தில், குடத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பேன். பிள்ளைகள் எந்நேரமும் ஜெபம் சொல்கிறார்கள் என்று லயமே எங்களை மெச்சியது. கங்காணியும் மெச்சினார்.

அந்தக் காம்பராவின் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. ஈர விறகுப் புகை, காயாத கம்பளி, அடுப்புக்கு மேலே தொங்குகிற கருவாடு. மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கிற வேலை என்னுடையது. துடைத்த நாளில் கழுதையின் காது தெரியும், துடைக்காத நாளில் எல்லாம் ஒரே மஞ்சள்.

ஒரு நாள் மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு பையனுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா தமிழ் ஜெபப் புத்தகத்தை எடுத்தார், வைத்தார். பிறகு சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ வா. நீ வாசி" என்றார்.

பையனின் தலையில் அப்பா கையை வைத்துக்கொள்ள, கழுதை ரொட்டி தின்ற கதையை நான் வாசித்தேன். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையனின் தாய் அழுதாள். மறுநாள் அவன் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். தோட்டத்து டாக்டர் ஐயா அதற்கு முந்தின நாளே அவனுக்கு மருந்து கொடுத்திருந்தார். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

பிறகு கூப்பிடாத வீடு இல்லை. பல்வலிக்கு ஒரு பக்கம், குளிர்காய்ச்சலுக்கு இரண்டு பக்கம். மாடு பால் கொடுக்கவில்லை என்றுகூட ஒருவர் வந்தார். அப்பா கோபப்பட்டு அனுப்பிவிட்டார். வேத வாக்கியத்துக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா என்றார். என் கையில் முட்டையும் பலகாரமும் வைப்பார்கள். அக்காவை ஏன் வாசிக்கச் சொல்லவில்லை என்றால், அவள் வாசிக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். எனக்கு அந்த வயதிலேயே முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் சித்திக்குக் குழந்தை பிறந்தது. சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் லயத்திலேயே, இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். பெண் குழந்தை, நல்ல நிறை. பெற்ற சில நாளில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் ஐயா வந்து பார்த்து மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த நாளும் வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், சத்தம் போடத் தெரியாதவர். அன்றைக்குச் சத்தம் போட்டார்.

"இது நான் இஞ்ச வைச்சுப் பாக்கிற வருத்தம் இல்லை. உடனே பதுளைக்குக் கொண்டு போகோணும். லொறிக்கு நான் சொல்லுறன். நீங்கள் ஆளை வெளிக்கிடுத்துங்கோ."

சித்தி மாட்டேன் என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று லயத்தில் ஒரு பயம் உண்டு. மூச்சு இழுக்கிற நேரத்தில் தூக்கிக்கொண்டு போனால் எப்படித் திரும்பி வருவார்கள் என்று யாரும் யோசித்ததில்லை. சித்தி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எனக்கு வாசிங்க. ஊருக்கெல்லாம் வாசிக்கிறீங்களே, எனக்கு வாசிங்க" என்றாள்.

அப்பா டாக்டர் ஐயாவைப் பார்த்து, "மூணு நாளைக்கு வாசிக்கிறோமுங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்ன மாதிரி செய்வோம்" என்றார்.

"மூண்டு நாளைக்குப் பிறகு ஆர் இருப்பினம் எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் ஐயா குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் கடவுள் நம்பிக்கை குறைந்தவர் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை நான் சித்திக்கு வாசித்தேன். கழுதை ரொட்டியைப் பார்த்தது. கழுதை ரொட்டியைத் தின்றது. சித்தியின் உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமென்" என்றாள். பக்கத்தில் அக்கா அந்தப் பச்சைக் குழந்தையை மடியில் வைத்து, துணி நுனியைச் சீனித் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

காம்பராவுக்குத் திரும்பியதும் அக்கா அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அது வேதம் இல்லப்பா. ஒரு கழுதை ரொட்டியத் திருடித் தின்ன கதை. எனக்கு அர்த்தம் தெரியும். சித்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கப்பா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சந்தோஷமாகச் சிரித்தார்.

"கழுதை இருக்கா? இருக்கும்மா, இருக்கணுமே! ஆண்டவரு ஜெருசலேமுக்கு எதுல ஏறிப் போனாரு? கழுதைலதானே. ரொட்டின்னா என்ன? பானெம். நம்ம நற்கருணை. நீ படத்தப் பாத்துட்டு ஒங்கிட்ட இருக்கிற புத்திக்கு ஒண்ணைச் சொல்ற."

"ரொட்டிக்காரன் கத்துறான்பா. யாரு திருடுனதுன்னு கேக்குறான்."

"யூதாஸு" என்றார் அப்பா.

இனிமேல் அந்தப் புத்தகங்களை அக்கா தொடக்கூடாது, அவளுக்குச் சந்தேகம் பிடித்திருக்கிறது, சந்தேகம் பிடித்தவள் வாசித்தால் நோயாளிக்குத்தான் கேடு என்று அப்பா அமைதியாகச் சொன்னார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அடுப்புக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கைக்காக அழுகிறாளா, அடுப்புப் புகைக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வேறு, இவர்கள் வேறு.

மறுநாள் சித்தி ஆட்களை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னைப் பீலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

"நான் சொல்றதச் சொல்லு" என்றாள். "ஃபேமினா ஏக்ரா எஸ்த்."

பெண் நோயுற்றிருக்கிறாள். ஏக்ரா என்ற சொல் மாலுமிக் கதையில் வருவது.

"ஆசினுஸ் ஃபேமினாம் போர்த்தாத்." கழுதை பெண்ணைச் சுமக்கிறது. "மெதிகுஸ் இன் ஓப்பிதோ எஸ்த்." வைத்தியர் நகரத்தில் இருக்கிறார்.

"இது எந்தப் பக்கத்துலக்கா இருக்கு? நான் பாக்கவே இல்லையே" என்றேன்.

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. நானே கட்டுனேன்."

எழுதியிருப்பதை வாசிக்கலாம். இல்லாததை அந்தப் பாஷையில் உண்டாக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பாவம் இல்லையா என்று கேட்டேன். "திருப்பிச் சொல்லு" என்றாள் அக்கா. சொன்னேன். ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து சொல்ல வைத்தாள். குழந்தை அழுதபடியே இருந்தது.

"அப்பா அர்த்தம் கேப்பாரு. நேத்து நான் சொன்னது அவரு மனசுல கெடக்கு. கேட்டா, உள்ளத உள்ளபடி சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ சொன்னா நம்புவாரு" என்றாள்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் போவதற்கு முன், சித்தியின் படுக்கைக்குப் பக்கத்தில் நான் புத்தகத்தைத் திறந்தேன். கழுதை முதுகில் மாவு மூட்டையோடு நடக்கிற பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே, அக்கா கட்டியதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நான் எப்போதும் வாசிப்பது போலவே இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். மூன்று தடவை சொன்னேன், கதைகளிலும் அப்படித்தானே திரும்பத் திரும்ப வரும்.

அப்பா கேட்டார். "இதுல என்னம்மா சொல்லுது? ஒனக்குத் தெரியுதா?"

"சீக்காயிருக்கிற பொம்பளைய ஒரு கழுதை சுமந்துக்கிட்டுப் போகுதுப்பா. டவுனுல வைத்தியரு இருக்காரு."

அப்பா புத்தகத்தை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். கழுதையின் முதுகில் இருப்பது வாய் கட்டிய மூட்டை, குருடனுக்கும் தெரியும். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"மாதா" என்றார். "முக்காடு போட்டு ஒக்காந்திருக்காங்க பாரு. பேறுகாலத்துல மாதாவே கழுதை மேல ஏறிப் பெத்லகேமுக்குப் போனாங்க. நாம போறதுக்கு என்ன?"

சித்திக்குக் குனிந்து காதில் அதையே சொன்னார். மாதா போன மாதிரிப் போய்விட்டு வா என்றார். சித்திக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டினாள். சித்தப்பா டாக்டர் ஐயா வீட்டுக்கு ஓடினார். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் வைக்கோலும் கம்பளியும் போட்டு, சித்தியைப் படுக்க வைத்து, அம்மாவும் சித்தப்பாவும் ஏறிக்கொண்டார்கள். டாக்டர் ஐயாவும் குடையை மடித்துக்கொண்டு ஏறினார். அப்பாவைப் பார்த்து, "மனம் மாறினது நல்லது" என்று மட்டும் சொன்னார். லொறி வளைவில் இறங்கி மறைகிற வரைக்கும் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

சித்தி பிழைத்துவிட்டாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். திரும்பி வந்தபோது முடி கொட்டி, கன்னம் ஒட்டி, வேறு ஆள் போல இருந்தாள். குழந்தை அக்காவை விட்டு அவளிடம் போக மாட்டேன் என்று அழுதது. சித்தி அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அடுத்த பூசைக்கு வெள்ளைச் சாமி வந்தார். பூசை முடிந்ததும், கோயில் நிறைய ஆட்கள் நிற்க, அப்பா என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி நடந்ததை எல்லாம் சொன்னார். "சாமி, பிள்ளை அந்த வசனத்தச் சொல்லும், கேளுங்க" என்றார்.

எனக்கு வேறு வழி இல்லை. சொன்னேன். சாமியின் வெள்ளைப் புருவம் மெதுவாக ஏறியது. எந்த வேதத்திலும் அப்படி ஒரு வசனம் இல்லை என்று அந்தக் கோயிலில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், எங்களைத் தவிர. அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் குனிந்து, என்னிடம் மெதுவாக, "குவிஸ் ஓக் ஃபேச்சித்?" என்று கேட்டார்.

இதைச் செய்தது யார்? நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால், பெண்கள் பக்கம், சித்தியின் குழந்தையோடு நின்றிருந்த அக்கா சொன்னாள்.

"ஏகோ."

நான். அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகவும் இல்லை, பயந்தும் இல்லை. பூசையில் லத்தீனில் பதில் சொல்லிப் பழகிய கோயில் அது. ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாகூட, மகள் பக்தியாய்ப் பதில் சொல்கிறாள் என்று தலையை ஆட்டினார். சாமி மட்டும் நிமிர்ந்து, என் தலைக்கு மேலாக, அவளைப் பார்த்தார்.

"உபதேசியாரே" என்றார் தன் புத்தகத் தமிழில். "இந்தப் பிள்ளை படிக்க வேண்டும். பதுளைக் கன்னியர் மடத்தில் ஓர் இடத்துக்கு நான் எழுதுகிறேன்."

அப்பாவின் கை என் தலையில் விழுந்தது. அந்தக் கையின் கனம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். நான் அண்ணாந்து, "நான் இல்லப்பா, அக்கா. அக்காதான் கட்டுச்சு" என்றேன். அப்பா கண் கலங்கிப் போய்ச் சாமியிடம் திரும்பினார்.

"அக்காவ விட்டுட்டுப் போக மாட்டேங்குது சாமி. அம்புட்டுப் பாசம்."

ஆட்கள் முண்டியடித்தார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது, மழை வரும் என்று ஜீப் சாரதி அவசரப்படுத்தினார். சாமி போய்விட்டார். உபதேசியார் மகளுக்கு இடம் இருக்கிறது என்று பதுளையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, எந்த மகள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் சாமியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். அக்காவுக்காகத் தன்னுடையதை விட்டுக்கொடுக்கிற பிள்ளை என்று அதற்கும் எனக்குத்தான் பேர் வந்தது. சந்தேகம் பிடித்தவள் என்று ஆன பிறகு அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தை மாதம் நான் பதுளைக்குப் போனேன். அதே மாதம் அக்காவுக்கு, வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். பேர் பதிந்தால் நாள் சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கலாம். அம்மாவின் பழைய கூடையைக் கயிறு மாற்றிக் கொடுத்தார்களாம். மடத்துப் பள்ளியில் லத்தீன் என்று ஒரு பாடமே இல்லை. ஆங்கிலம் படித்தேன், தையல் படித்தேன், பிறகு உங்களோடெல்லாம் ஆசிரியை ஆனேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஒரு கை தவறான தலையில் விழுந்ததால் கிடைத்தது. இதைச் சொல்லும்போது எனக்கு அப்பா மேல் கோபம்தான் வருகிறது. அவர் நல்லவர் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்பா இறந்தபோது அந்த மூன்று புத்தகங்களையும் பெட்டிக்குள் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சித்திதான் பிடிவாதமாக வைக்கச் சொன்னாள். கழுதையும் ரொட்டிக்காரனும் மாலுமியும் அவரோடு தோட்டத்துக் கல்லறையில் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். இன்னும் அதே லயம்தான், கூரைத் தகரம் மட்டும் புதிது. சித்தியின் அந்தப் பெண் குழந்தை, இப்போது அவளுக்கே வயதாகிவிட்டது, மொனராகலையிலிருந்து புது மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா அந்தப் புதுப்பெண்ணுக்கு என்னைக் காட்டி, "இவுங்க சின்னப் பிள்ளையில லத்தீன் வேதம் வாசிச்சுத்தான் எங்க சித்திய எழுப்பி விட்டாங்க. சாமியே கேட்டு அசந்து போனாரு" என்றாள். அப்பா சாகும் வரை எல்லோரிடமும் சொல்லி வந்தது போலவே, அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் கையைத் தூக்கிச் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னக்கா சொல்ற? நீதானே கட்டுன. பீலிக்கரையில எனக்குச் சொல்லிக் குடுத்தியே" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் கொழுந்துக் கறையில் கறுத்து, நுனி வெடித்திருந்தன. அந்த முகத்தில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினேன். மறந்துவிட்டாளா, மறந்தது போல இருக்கிறாளா, இல்லை எத்தனையோ வருஷம் பிறர் சொல்லக் கேட்டு அதையே நம்பிவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

"போடி, பைத்தியம்" என்றாள். "நான் எங்க லத்தீன் படிச்சேன்? நீதானே படிச்சவ. தேத்தண்ணி ஆறுது, குடி."